பாபிலோன் எந்த ஊர்?



தோட்டத்து லயங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் சில வேளை ஒரு துண்டுப் பிரசுரம் கைமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அட்டையில் தீப்பற்றி எரியும் நகரம் ஒன்றின் படம் இருக்கும். பாபிலோனுக்கு நாள் நெருங்கிவிட்டது என்பது போலக் கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு இருக்கும். உள்ளே புரட்டினால், அந்தப் பாபிலோன் இன்றைய ரோமாபுரிதான் என்று ஒரு பிரசுரம் அடித்துச் சொல்லும். நியூயார்க் என்று இன்னொன்று சொல்லும். ஈராக் நாட்டில் இடிந்து கிடக்கும் பழைய ஊரே மறுபடி எழும்பப் போகிறது என்று வேறொன்று சொல்லும். சில பிரசுரங்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. அடுத்த தெருவில் இருக்கும் மாதா கோயிலையே காட்டிவிடும். இப்போது காகிதம் குறைந்து, இதே செய்தி கைத்தொலைபேசியில் வருகிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

படித்துவிட்டுத் தூரப் போடவேண்டியதுதானே, இதற்கு ஒரு வானொலிப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. ஒரே குடும்பத்தில் தாய் ஒரு கோயிலுக்கும் மகன் இன்னொரு சபைக்கும் போகிற காலம் இது. தாய் போகும் கோயில்தான் பாபிலோன் என்று மகன் நம்பிவிட்டால், அந்த வீட்டில் சோறு இறங்குமா? உலகம் முடியப்போகிறதே, பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று தகப்பன் நினைத்துவிட்டால், அந்தப் பிள்ளையின் கதி என்ன? ஒரு நூலைத் தவறாக வாசிப்பதனால் ஒரு குடும்பமே தடுமாறலாம். ஆகவேதான் இதைப் பற்றிப் பேச வந்தேன்.

நான் எந்தச் சமயத்துக்கும் ஆள் சேர்க்க வரவில்லை. கேட்டுக்கொண்டிருப்பவர்களில் மாரியம்மனை வணங்குவோர் இருப்பீர்கள், கிறிஸ்தவர்கள் இருப்பீர்கள், இஸ்லாமியர் இருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்தை எப்படி வாசிக்கிறோமோ, அப்படி இந்தப் பாடத்தையும் எல்லாரும் சேர்ந்து வாசித்துப் பார்ப்போம்.

பெயர்கள் பேசும் விதம்

முதலில் நம் ஊர்ப் பெயர்கள் சிலவற்றைப் பாருங்கள். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் என்றொரு வட்டாரம் இருக்கிறது. அங்கே முன்பு செங்கற்சூளைகள் இருந்தன. 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. அதன்பின், அத்தாப்புக் கூரையும் பலகையும் வேண்டாம், செங்கல்லால் கட்டுங்கள் என்று உத்தரவாயிற்று. செங்கல் அறுத்த இடத்துக்குச் செங்கல்லே பெயராக நின்றுவிட்டது. இது நேராகப் பொருள் சொல்லும் பெயர்.

அதற்கு அடுத்தாற்போல் இருப்பது பங்சார். கேட்பதற்கு மலாய்ச் சொல் போல ஒலிக்கிறது. ஆனால், இன்று மாடி வீடுகளும் கடைவீதிகளுமாக இருக்கும் அந்த இடம் ஒரு காலத்தில் பால்மரத் தோட்டம். பங்கே, கிரிசார் என்னும் இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்களைச் சேர்த்து, பங்சார் என்று அந்தத் தோட்டத்துக்குப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். மரம் போயிற்று, லயம் போயிற்று, பெயர் மட்டும் நிற்கிறது. அந்தப் பெயருக்குள் இரண்டு மனிதர்கள் மறைந்திருப்பதை வரலாறு தெரிந்தவர்தான் கண்டுகொள்வார். எழுத்தை உற்று உற்றுப் பார்த்தால் மட்டும் விடை கிடைக்காது.

மூன்றாவது வகைப் பெயர் ஒன்று உண்டு. குடும்பத்தைக் கலைப்பவனைச் சகுனி என்கிறோம். எப்போதும் தூங்குபவனைக் கும்பகர்ணன் என்கிறோம். மகாபாரதத்துச் சகுனியே வந்து நம் லயத்தில் குடியிருக்கிறான் என்று அதற்குப் பொருளா? இல்லை. பழைய சகுனி செய்ததை இவனும் செய்கிறான் என்பதுதான் பொருள். இங்கே பெயர் ஆளைக் குறிக்கவில்லை. செய்கையைக் குறிக்கிறது.

பாபிலோன் என்ற பெயர் இந்த மூன்று வகையில் எதைச் சேர்ந்தது? இதற்கு விடை தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பழைய பாபிலோன்

பாபிலோன் என்று உண்மையிலேயே ஒரு நகரம் இருந்தது. யூப்ரட்டீஸ் ஆற்றங்கரையில், இன்றைய பாக்தாத் நகருக்குத் தெற்கே ஏறக்குறைய 85 கிலோமீட்டர் தொலைவில் அதன் இடிபாடுகள் இருக்கின்றன. அதுவும் ஒரு செங்கல் நகரம்தான். ராபர்ட் கோல்டவே என்னும் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் 1899 முதல் 1917 வரை அங்கே அகழ்ந்து ஆராய்ந்தார். நீலநிற மெருகிட்ட செங்கல்லால் ஆன அதன் பெரிய வாயில், பெர்லின் நகரத்து அருங்காட்சியகத்தில் திரும்பவும் ஒட்டிவைக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டில் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் யுனெஸ்கோ அமைப்பு அந்த இடிபாடுகளை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது.

அந்நகரத்து அரசன் நேபுகாத்நேச்சார், கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய 587 ஆண்டுகளுக்கு முன் எருசலேமைப் பிடித்தான். யூதர்களின் ஆலயத்தைக் கொளுத்தினான். மக்களைச் சிறைபிடித்துத் தன் நாட்டுக்குக் கொண்டுபோனான். சொந்த மண்ணைவிட்டு ஆற்றங்கரைகளில் உட்கார்ந்து அழுத அந்த மக்களின் நெஞ்சில் பாபிலோன் என்ற பெயர் சூடு போட்டதுபோலப் பதிந்துவிட்டது. கி.மு. 539இல் பாரசீக அரசன் கோரேசு பாபிலோனைப் பிடித்தான். அத்துடன் அந்த அரசு முடிந்தது. ஆனால் பெயர் முடியவில்லை.

பத்மு தீவில் எழுதிய நூல்

இனி நம் கேள்விக்குரிய நூலுக்கு வருவோம். வேதாகமத்தின் கடைசி நூலுக்கு வெளிப்படுத்தின விசேஷம் என்று பெயர். கத்தோலிக்கர் அதைத் திருவெளிப்பாடு என்பர். யோவான் என்பவர் இன்றைய துருக்கி நாட்டுக்கு மேற்கே உள்ள பத்மு என்னும் சின்னத் தீவில் இருந்தபோது கண்ட காட்சிகளாக இது அமைந்திருக்கிறது. கி.பி. 95ஐ ஒட்டி, தொமீசியன் என்னும் ரோமச் சக்கரவர்த்தியின் காலத்தில் எழுதப்பட்டது என்பது அறிஞர் பலரின் கருத்து. துருக்கிப் பகுதியில் இருந்த ஏழு சபைகளுக்கு இது கடிதமாகப் போயிற்று. அதாவது, அங்கே வாழ்ந்த சாதாரண மக்கள் கூடியிருக்க, ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் காதால் கேட்ட நூல் இது. ஆகையால் அவர்களுக்கு விளங்கும்படிதான் எழுதப்பட்டிருக்கவேண்டும். இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின்னால் வரப்போகும் ஒரு நாட்டைப் பற்றி மட்டும் பேசியிருந்தால், கேட்டவர்களுக்கு அதனால் என்ன பயன்?

இந்த நூலில் மொத்தம் 22 அதிகாரங்கள். பதினேழாம் பதினெட்டாம் அதிகாரங்களில்தான் பாபிலோன் விரிவாக வருகிறது. செந்நிற விலங்கு ஒன்றின்மேல் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். விலங்குக்கு ஏழு தலை, பத்துக் கொம்பு. பெண்ணின் உடையோ அரசியின் உடை, கையிலே பொற்கிண்ணம். நெற்றியிலே பாபிலோன் என்ற பெயர் எழுதியிருக்கிறது. பக்கத்தில் நீர்ப்பரப்பு.

இதைக் கேட்டதும் நமக்குப் புதிர் போலத் தோன்றுகிறது. ஆனால் நூலாசிரியர் நம்மைத் திகைக்க விட்டுப் போய்விடவில்லை. ஒரு தேவதூதன் வாயிலாக அவரே விளக்கமும் தருகிறார். ஏழு தலைகள் ஏழு மலைகளாம். நீர்ப்பரப்பு பல மொழி பேசும் மக்கள் கூட்டங்களாம். அந்தப் பெண் அந்நாளில் உலகத்து அரசர்களை ஆண்டுகொண்டிருக்கிற பெரிய நகரமாம். கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை அச்சிட்டிருப்பது போல, விடை அந்த அதிகாரத்திலேயே இருக்கிறது.

ஏழுமலை என்றால் நமக்கு உடனே எது நினைவுக்கு வருகிறது? திருப்பதி. ஏழுமலையான் என்றால் எந்தக் குழந்தையும் வேங்கடவனைச் சொல்லும். அதுபோல அந்நாளில் ஏழு குன்று என்றால் எல்லாருக்கும் ரோம் நகரம்தான் நினைவுக்கு வரும். கி.பி. 71இல் வெசுபாசியன் என்னும் சக்கரவர்த்தி வெளியிட்ட நாணயம் ஒன்றில், ரோமாபுரித் தேவி ஏழு குன்றுகளின்மேல் உட்கார்ந்திருக்கும் உருவம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அரசாங்கமே பெருமையாக வெளியிட்ட அந்த உருவத்தின் மறுபக்கத்தை யோவான் காட்டினார் என்று எண்ண இடமிருக்கிறது.

ரோமை ரோம் என்றே சொல்லாமல் பாபிலோன் என்று ஏன் சொன்னார்? ஆட்சியிலிருப்பவனைப் பெயர் சொல்லிக் கண்டித்தால் என்ன நடக்கும் என்பது தோட்டத்தில் வாழ்ந்த நமக்குத் தெரியாததல்ல. துரைக்கும் கிராணிக்கும் கங்காணிக்கும் நம் பாட்டன்மார் எத்தனை பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்! மரத்தடியில் அந்தப் பெயரைச் சொன்னால் நம்மவருக்குப் புரியும், பக்கத்தில் நிற்கும் துரைக்குப் புரியாது. இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கி.பி. 70இல் ரோமப் படை எருசலேமைப் பிடித்து, இரண்டாம் முறை கட்டிய ஆலயத்தையும் கொளுத்தியது. அந்தப் போரில் 97,000 பேர் சிறைபிடிக்கப்பட்டதாக யோசேப்பு என்னும் யூத வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். பலர் அடிமைகளாக விற்கப்பட்டனர். முதல் ஆலயத்தை எரித்தது பாபிலோன், இரண்டாம் ஆலயத்தை எரித்தது ரோம். அதே கொடுமை, ஆகையால் அதே பெயர். சகுனி வேலை செய்தவனைச் சகுனி என்பது போலத்தான் இது. இப்படிச் சொன்னவர் யோவான் ஒருவர் மட்டுமல்லர். அந்தக் காலத்தை ஒட்டி, எஸ்றா, பாரூக்கு ஆகியோர் பெயரில் யூதர்கள் எழுதிய நூல்களிலும் ரோம் பாபிலோனாகவே பேசப்படுகிறது. பின்னால் கி.பி. 200 வாக்கில் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் என்பவரும் பாபிலோன் ரோமின் உருவகம் என்று எழுதினார்.

எனவே, முதலில் கேட்டவர்களுக்கு அந்த நகரம் எது என்றால், அவர்களை ஆண்டுகொண்டிருந்த ரோம் என்பதே நூல் தரும் விடை. எருசலேம்தான் என்று சொல்லும் அறிஞர்களும் சிலர் இருக்கிறார்கள். அதே நூலில் ஓரிடத்தில் இயேசு கொலையுண்ட ஊர் பெரிய நகரம் என்று சொல்லப்படுவதை அவர்கள் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் உலகத்து அரசர்களை ஆளும் நகரம் என்ற அடையாளம் அன்றைய எருசலேமுக்குப் பொருந்துவது கடினம்.

சரக்குப் பட்டியல்

பதினெட்டாம் அதிகாரம்தான் நாம் நின்று கவனிக்கவேண்டிய இடம். பாபிலோன் விழுந்துவிட்டது. யார் யார் அழுகிறார்கள் என்று யோவான் வரிசையாகச் சொல்கிறார். அரசர்கள் அழுகிறார்கள். வணிகர்கள் அழுகிறார்கள். கப்பல்காரர்கள் அழுகிறார்கள். அந்த நகரத்தால் வயிறு வளர்த்தவர்கள்தாம் அழுகிறார்கள். அதிலும் தூரத்தில் நின்று அழுகிறார்கள். கிட்ட வந்து ஒரு கை கொடுப்பார் ஒருவரும் இல்லை. வணிகர்கள் எதற்காக அழுகிறார்கள் தெரியுமா? சரக்கை வாங்க இனி ஆளில்லையே என்றுதான்.

அந்தச் சரக்கு என்னென்ன என்று ஒரு பட்டியல் வருகிறது. கிரேக்க மூலத்தில் எண்ணினால் 28 பொருள்கள். பொன், வெள்ளி, இரத்தினம், முத்து என்று தொடங்குகிறது. மெல்லிய துணி, பட்டு, தந்தம், விலையுயர்ந்த மரம், வெண்கலம், இரும்பு, சலவைக்கல் என்று தொடர்கிறது. இலவங்கப்பட்டை, தூபவர்க்கம், திராட்சரசம், எண்ணெய், மாவு, கோதுமை, மாடு, ஆடு, குதிரை, வண்டி என்று இறங்கிக்கொண்டே வருகிறது. கடைசிக் கடைசியாக வருவது மனிதர்கள். அடிமைகளைக் குறிக்க அங்கே எழுதியிருக்கும் கிரேக்கச் சொல்லுக்கு உடல்கள் என்றுதான் நேர்ப்பொருள். அக்காலச் சந்தையில் அடிமைகளுக்கு அதுவே பெயர். யோவான் அதை எழுதிவிட்டு, மனித உயிர்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறார். நீங்கள் உடல் என்று கணக்கெழுதியது ஓர் உயிர் அல்லவா என்று வணிகரைப் பார்த்துக் கேட்பது போல இருக்கிறது.

பொன் முதலில், மனிதன் கடைசியில், அதுவும் மாட்டுக்கும் வண்டிக்கும் பின்னால்! ஒரு நகரம் எதை மேலே வைத்தது, எதைக் கீழே வைத்தது என்பதை இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வது?

இந்தப் பட்டியலில் நம் தமிழகத்துக்கும் பங்கு உண்டு. பாண்டிநாட்டு முத்தும் சேரநாட்டுத் தந்தமும் அக்காலத்தில் ரோமுக்குக் கப்பலேறின. அதற்கு விலையாக வந்த ரோம நாணயங்கள் கோயம்புத்தூர், கரூர்ப் பகுதிகளில் இன்றும் மண்ணிலிருந்து கிடைக்கின்றன. இந்தியச் சரக்குக்காக ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசு வெளியே போகிறதே என்று பிளினி என்னும் ரோம எழுத்தாளர் குறைப்பட்டுக்கொண்டார். அக்காலக் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய கடல்வழிக் குறிப்பில், கொற்கையில் முத்துக்குளிக்கத் தண்டனைக் கைதிகளை இறக்கினார்கள் என்ற செய்தி இருக்கிறது. ரோமாபுரிச் சீமாட்டியின் கழுத்தில் ஒளிவிட்ட முத்துக்குப் பின்னால் மூச்சடக்கி மூழ்கிய ஒரு கைதி இருந்தான். அவன் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

பத்மு இருக்கும் அதே கடலில் தீலோஸ் என்றொரு தீவும் இருக்கிறது. யோவானுக்கு முந்திய காலத்தில் அது பேர்போன அடிமைச் சந்தை. ஒரே நாளில் பத்தாயிரம் அடிமைகளை இறக்கி ஏற்றக்கூடிய இடம் என்று ஸ்திராபோ என்னும் புவியியலார் எழுதியிருக்கிறார். ஆகவே, கப்பலில் மனிதர்களைச் சரக்காக ஏற்றுவது யோவானின் கற்பனையல்ல. அந்தக் கடலில் நடந்த வியாபாரம்.

நேயர்களே, கப்பலில் மனிதச் சரக்கு என்றதும் உங்களுக்குப் பாட்டன் பாட்டி சொன்ன கதை நினைவுக்கு வரவில்லையா? நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். சஞ்சிக்கூலி முறை மலாயாவில் 1910இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி வழியாக ஆள் கொண்டுவருவதை 1938இல் இந்திய அரசாங்கம் நிறுத்தியது. அவர்கள் அடிமைகள் அல்லர். ஆனாலும் கணக்குப் புத்தகத்தில் தலைக்கு இவ்வளவு என்று எழுதப்பட்டவர்கள். பின்னர் 1942-43இல் சயாம் மரண ரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக ஆள் பிடித்துப் போனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் பல்லாயிரம் தமிழர் மாண்டார்கள். அவர்களும் உடல்கள் என்றே எண்ணப்பட்டார்கள். ஆகவே அந்தப் பட்டியலின் கடைசி வரி யாருக்குப் புரியாவிட்டாலும் நமக்குப் புரியவேண்டும்.

பிற்காலத்தார் சொன்ன விடைகள்

ரோமப் பேரரசு விழுந்தபின் அந்த உருவகத்தை எங்கே பொருத்துவது என்ற கேள்வி எழுந்தது. கி.பி. 410இல் கோத்தியர் ரோமைச் சூறையாடினார்கள். அதைத் தொடர்ந்து அகுஸ்தீன் என்னும் ஆப்பிரிக்க ஆயர் கடவுளின் நகரம் என்ற பெருநூலை எழுதினார். உலகத்தில் இரண்டு நகரங்கள் இருக்கின்றன, ஒன்று தன்னையே நேசிக்கும் நகரம், மற்றொன்று கடவுளை நேசிக்கும் நகரம், இரண்டும் இப்போது ஒன்றோடொன்று கலந்தே வாழ்கின்றன என்பது அவர் கருத்து. அதாவது பாபிலோனை வரைபடத்தில் தேடாதே, மனிதரின் உள்ளத்திலும் நடத்தையிலும் தேடு என்றார்.

1520இல் ஜெர்மனியில் மார்ட்டின் லூத்தர் திருச்சபையின் பாபிலோனியச் சிறையிருப்பு என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். அதன்பிறகு சீர்திருத்தச் சபையாரில் பலர் போப்பாண்டவரின் ரோமையே பாபிலோன் என்றனர். எதிர்த்தரப்பாரும் சும்மா இருக்கவில்லை. அந்தச் சண்டையின் எதிரொலிதான் இன்றும் நம் லயத்துக்கு வரும் சில பிரசுரங்களில் கேட்கிறது. ஐரோப்பாவில் ஐந்நூறு ஆண்டுக்கு முன் மூண்ட பூசலுக்கு நம் தோட்டத்துத் தாயும் மகனும் ஏன் முகம் திருப்பிக்கொள்ளவேண்டும்?

1980களில் சதாம் உசேன் பழைய பாபிலோன் இடிபாடுகளின்மேல் தம் பெயர் பொறித்த செங்கற்களால் சுவர் எழுப்பினார். உடனே, இதோ பாபிலோன் எழும்புகிறது என்று புத்தகங்கள் வெளிவந்தன. சதாமின் ஆட்சி 2003இல் முடிந்தது. அந்தப் புத்தகங்களைப் பற்றி இப்போது பேசுவாரில்லை. நாள் குறித்தவர்களின் கதையும் இப்படித்தான். அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாளுக்குக் காத்திருந்தார்கள். நம் திருவிதாங்கூரிலே, தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான யுஸ்து யோசப்பு என்பவர் 1881ஆம் ஆண்டைக் குறித்தார். மறுபடி அமெரிக்காவில் ஒரு வானொலிப் பிரசங்கியார் 2011ஆம் ஆண்டு மே 21ஆம் நாளைக் குறித்தார். அந்த நாட்கள் எல்லாம் வந்தன, போயின. மறுநாள் காலையிலும் மாட்டுக்குத் தீனி வைக்கவேண்டியிருந்தது.

மதுரை எரிந்த கதை

இதை விளங்கிக்கொள்ள நம் சிலப்பதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். நீதி தவறியதால் மதுரை எரிந்தது என்று அந்தக் காப்பியம் சொல்கிறது. அதைப் படித்துவிட்டு, இன்றைய மதுரைக்காரரைக் கண்டால் ஒதுங்கிப்போக வேண்டும் என்று யாராவது சொல்கிறோமா? மதுரையிலிருந்து வந்த மருமகளை வேண்டாம் என்கிறோமா? இல்லை. ஆராயாமல் தீர்ப்புச் சொன்னால் அரசும் ஊரும் அழியும் என்ற பாடத்தைத்தான் எடுத்துக்கொள்கிறோம். கண்ணகி தீயை ஏவும்போதுகூட, அறவோரையும் முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடச் சொன்னாள். அதுபோல யோவானின் நூலிலும், நகரம் விழுமுன் அதன் பாவத்தில் பங்குகொள்ளாமல் வெளியே வந்துவிடுங்கள் என்ற அழைப்பு வருகிறது. பாவத்தில் பங்குகொள்ளாதே என்பதுதான் கட்டளை. பக்கத்து வீட்டாரைப் பகைத்துக்கொள் என்பது கட்டளையல்ல.

ஆகவே பாபிலோன் மூன்றாவது வகைப் பெயர். முதல் வாசகர்களுக்கு அது ரோமைக் குறித்தது. அதன்பின் எந்தக் காலத்திலும் எந்த இடத்திலும், பொன்னை மேலே வைத்து மனிதனைக் கடைசியில் வைக்கும் ஆட்சிக்கும் வாணிபத்துக்கும் அது பொருந்தும். அது வெளிநாட்டில்தான் இருக்கும் என்பதில்லை. நம் வாசலுக்கும் வரும். இன்று செம்பனைத் தோட்டங்களில் நம்மவர் குறைந்து, வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் வேலை செய்கிறார்கள். அவர்களில் பலர் முகவருக்குக் கடன்பட்டுக் கப்பலிலும் விமானத்திலும் வந்தவர்கள். ஒருவருடைய கடப்பிதழை இன்னொருவர் பிடித்துவைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி நம் நாட்டில் குற்றம். இருந்தும் அது நடக்கிறது. நம் பாட்டனைத் தலைக்கணக்கில் எழுதியது தவறு என்று வருந்துகிற நாம், இந்த மனிதரை அந்நியன், கூலி என்று இழிவாகப் பேசினால், பட்டியலின் கடைசி வரியை நாமே மறுபடி எழுதுகிறோம் என்றுதானே பொருள்?

மூன்று கேள்விகள்

இனி ஒரு பிரசுரமோ கைத்தொலைபேசிச் செய்தியோ, இதோ பாபிலோன் என்று யாரையாவது காட்டினால், பதற்றப்படாமல் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதற்கேள்வி: இந்த நூலை முதலில் கேட்ட மக்களுக்கு இந்த விளக்கம் புரிந்திருக்குமா? அவர்கள் கேள்விப்பட்டே இராத ஊரையோ ஆளையோ காட்டினால், அது நூலிலிருந்து வந்த விளக்கமல்ல. நூலின்மேல் ஒட்டப்பட்ட விளக்கம்.

இரண்டாம் கேள்வி: நூல் தானே கொடுத்திருக்கும் விளக்கத்தை இது மதிக்கிறதா? ஏழு தலைக்கும் நீர்ப்பரப்புக்கும் சரக்குப் பட்டியலுக்கும் பதில் சொல்கிறதா, அல்லது தனக்கு வசதியான ஒரு வரியை மட்டும் பிய்த்து எடுத்துக்கொள்கிறதா? ஏழு குன்று வேண்டுமென்று எண்ணத் தொடங்கினால் எந்த ஊரிலும் எண்ணிவிடலாம்.

மூன்றாம் கேள்வி: இதை நம்பினால் நான் என்ன செய்வேன்? அநியாயத்தில் பங்குகொள்ளாமல் விலகி நிற்பேனா, அல்லது தாயையும் அண்டை வீட்டாரையும் வெறுப்பேனா? பயத்தில் பிள்ளையின் படிப்பை நிறுத்துவேனா, சேமிப்பை யாரிடமாவது தூக்கிக் கொடுப்பேனா? இப்படிச் செய்யச் சொல்லும் விளக்கத்தை எந்தப் பெரியவர் சொன்னாலும் ஒரு முறைக்கு மூன்று முறை யோசியுங்கள்.

கடைசியாக ஒன்று. யோவானின் நூல் பாபிலோனோடு முடிந்துவிடுவதில்லை. கடைசி இரண்டு அதிகாரங்களில் வேறொரு நகரம் வருகிறது. புதிய எருசலேம் என்பது அதன் பெயர். அதன் வாயில்கள் பகலில் அடைக்கப்படுவதில்லை, இரவோ அங்கே கிடையாது. அங்கே இருக்கும் மரத்தின் இலை எல்லா இனத்தாருக்கும் மருந்தாகுமாம். ஒரு நகரம் மனிதனை விற்றது, மற்ற நகரம் மனிதனுக்கு மருந்து கொடுக்கிறது. எந்த ஊர் எந்த நகரம் என்று வாதாடுவதைவிட, நாம் குடியிருக்கும் லயமும் தோட்டமும் பட்டணமும் இந்த இரண்டில் எதைப் போல நடக்கிறது என்று பார்ப்பது பயன் தரும். இன்று இரவு சாப்பாட்டுக்குப் பின் பிள்ளைகளோடு உட்கார்ந்து இதைப் பேசிப் பாருங்கள். வேதாகமம் வீட்டில் இருந்தால் அந்தப் பதினெட்டாம் அதிகாரத்தை ஒரு பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். சரக்குப் பட்டியல் வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள்.